ஆகாயத்தில் ஆடும்போது

மகளின் பிரசவத்துக்குத் துபாய் போகவேண்டிய நம் சபைத் தாயார் ஒருவர், "ஐயா, பிளேன் ஆடுமாமே, நான் போகல" என்று என்னிடம் அழுதார்கள். ஆடும்தான் அம்மா. காசிமேட்டு விசைப்படகு அலையில் ஏறி இறங்குவதில்லையா? காற்றிலும் அப்படியே. போயிங் 777 விமானத்தின் இறக்கையை 1995-ல் வேண்டுமென்றே வளைத்துப் பார்த்தார்கள். பறக்கையில் வரக்கூடிய அதிகபட்ச பாரத்தில் ஒன்றரை மடங்கைத் தாண்டியபிறகே ஒடிந்தது. ஆட்டத்தில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் பெல்ட் போடாதவர்களே.

புயலில் பவுல் ஆறுதல் சொன்னதோடு நிற்கவில்லை. கப்பலிலிருந்த 276 பேரையும் சாப்பிடச் சொன்னார் (அப்போஸ்தலர் 27). வெறும் வயிற்றில் பயம் கூடத்தான் செய்யும். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது. மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். இறங்கும்போது காது அடைத்தால் மிட்டாய் சப்புங்கள். "எனக்கு இது முதல் தடவை" என்று கவுன்ட்டரில் சொல்ல வெட்கமென்ன?