மார்க் குறைந்தால் மனம் உடைகிறதா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. புத்திசாலி. ஆனால் மார்க் குறைந்தால் சாப்பிடமாட்டான், புத்தகத்தைத் தொடமாட்டான். என்ன செய்ய?
– வாசகி, தக்கலை

பதில்: அறிவு வேறு, மனப்பக்குவம் வேறு அம்மா. கும்பகோணத்தில் 1904-இல் பள்ளிப்படிப்பை முடித்த கணிதமேதை ராமானுஜன், கல்லூரியில் கணிதத்திலேயே மூழ்கி மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். அந்த மூளையில் என்ன குறை? தோல்வியைச் சொல்லி அழ ஓர் ஆள் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் உளவியலாளர்கள் டக்வொர்த், செலிக்மன் இருவரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்து 2005-இல் எழுதினார்கள்: மதிப்பெண்ணோடு நுண்ணறிவைவிடச் சுயக்கட்டுப்பாடே நெருக்கமாகப் பொருந்தியது. அதைப் பழக்கத்தால் வளர்க்கலாம்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம் குமரி மாவட்டம். அந்தப் பெருமையே பக்கத்துவீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் வழக்கமாகியிருப்பது எனக்கு வேதனை. விடைத்தாளோடு வந்தால் முதலில் அவன் சாப்பிடட்டும். பிறகு, ‘எத்தன மார்க்கு?’ என்று கேட்காமல், ‘மக்களே, எந்தக் கேள்வி கஷ்டமா இருந்திச்சி?’ என்று கேளுங்கள். கோபமோ அழுகையோ, பேசி முடிக்கும்வரை குறுக்கே போகாதீர்கள்.

பட்டினியும் மௌனமும் நாள்கணக்கில் நீண்டால் 14416-க்கு அழையுங்கள். இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.