சப்பாத்தி மாவில் ஒரு நிலா

மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு விண்வெளியைப் பற்றிச் சொல்லித் தர நல்ல சாப்ட்வேர் எது என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இரண்டு மூன்று பெயர்களைச் சொல்வேன். கூடவே, அவற்றை உங்களுக்காக இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள், குழந்தையின் கையில் மவுஸுக்குப் பதிலாகப் பிசைந்த மாவைக் கொடுங்கள் என்பேன். என் நான்கு வயது மகளுடனும் பக்கத்து வீட்டு ஐந்து வயதுப் பையனுடனும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நான் செய்து பார்த்த சில செயல்பாடுகளை இங்கே தருகிறேன். கம்ப்யூட்டருக்கும் இவற்றில் வேலை உண்டு. எங்கே அதைத் திறக்க வேண்டும், எங்கே மூடி வைக்க வேண்டும் என்பதையும் பார்ப்போம்.

முதலில், திரை ஏன் போதாது என்று பார்த்து விடலாம். பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர். நிலவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கினால்தான் நிலவை எட்ட முடியும். 48 செ.மீ. அகலமுள்ள மானிட்டரில் இந்த அளவு மாறாமல் படம் போட்டால் பூமி 1.6 செ.மீ., நிலவு 4 மி.மீ. அளவில்தான் இருக்கும். பார்க்க நன்றாக இராது என்பதால் படம் வரைகிறவர்கள் நிலவைப் பூமிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து விடுகிறார்கள். அது வசதிக்காகச் செய்தது என்று நமக்குத் தெரியும். குழந்தைக்குத் தெரியாது. பிறகு பாடப் புத்தகத்திலும் அதே படம், சுவரில் மாட்டும் சார்ட்டிலும் அதே படம். பெரியவர்களிடம் ஒரு பந்தைப் பூமி என்று கொடுத்து நிலவை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சாண் தள்ளி வைப்பார்கள்.

மாவு உருண்டை

சப்பாத்திக்குப் பிசைவது போலக் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, 2 செ.மீ. அளவில் ஐம்பது சம உருண்டைகளாகக் குழந்தைகளையே உருட்டச் சொல்லுங்கள். ஐம்பது வரை எண்ணத் தெரியாவிட்டால் பத்துப் பத்தாக ஐந்து தட்டுகளில் வைக்கலாம். இப்போது கேள்வி: "இதுல பூமிக்கு எத்தனை, நிலாவுக்கு எத்தனை?" என் மகள் சரிபாதியாகப் பிரித்தாள். பக்கத்து வீட்டுப் பையன் நிலாவுக்குப் பத்து கொடுத்தான்.

ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மீதி நாற்பத்தொன்பதையும் சேர்த்து ஒரே உருண்டையாகப் பிசையச் சொல்லுங்கள். அதுதான் பூமி. தனியாக இருக்கும் ஒன்று நிலா. கன அளவில் பூமி நிலவைப் போல ஏறத்தாழ 49 மடங்கு என்பதால் இந்தக் கணக்கு சரியாக வருகிறது. இப்படிச் செய்த பூமியின் விட்டம் சுமார் 7.3 செ.மீ. இருக்கும். அப்படியானால் நிலாவை 2.2 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். குழந்தை தன் கையால் செய்த நிலாவைத் தூக்கிக் கொண்டு ஹாலின் மறு கோடிக்கு நடந்து போகட்டும். அந்த நடையில்தான் தூரம் புரிகிறது. சூரியனையும் கேட்பார்கள். இந்த அளவில் சூரியன் 8 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 860 மீட்டர் தொலைவில் இருக்கும். நாங்கள் ஸ்கூட்டரில் கடைத்தெருவரை போய், அங்கிருந்த ஒரு மாடி வீட்டைக் காட்டி "இதுதான் சூரியன்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

இதற்குப் பிறகு வேண்டுமானால் கம்ப்யூட்டரில் செலஸ்டியா சாப்ட்வேரைத் திறக்கலாம். 2001-இல் கிறிஸ் லாரல் என்பவர் உருவாக்கிய இது இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. பூமியைத் தேர்ந்தெடுத்து ஜி விசையை அழுத்தினால் அதன் அருகே கொண்டு போகும். எண்ட் விசையை அழுத்திக் கொண்டே இருந்தால் நாம் பின்னோக்கி விலகிச் செல்வோம். பூமி சிறுத்துப் புள்ளியாகி மறையும். இரண்டு நிமிடம் போதும், மூடி விடுங்கள்.

நிலா ஏன் தேய்கிறது

இதற்கு ஸ்டெல்லேரியம் மிகவும் உதவும். இதுவும் இலவசம். இன்ஸ்டால் செய்தவுடன் எஃப் 6 விசையை அழுத்தி உங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளவும். இதைச் செய்யாமல் விடாதீர்கள். வெளிநாட்டுப் படப் புத்தகங்களில் பிறை செங்குத்தாக நிற்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நமக்கோ மாலைப் பிறை பெரும்பாலும் படகு போலச் சாய்ந்து படுத்திருக்கும். குழந்தை மொட்டை மாடியில் பார்ப்பதும் திரையில் பார்ப்பதும் ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா?

அடுத்து எஃப் 3 விசையை அழுத்தி, தேடும் கட்டத்தில் நிலவின் பெயரைத் தட்டச்சு செய்து எண்டர் அழுத்தவும். நிலவு திரையின் நடுவில் வரும். சாய்கோடு விசையை அழுத்தினால் பெரிதாகும். தரை மறைத்தால் ஜி விசையையும், பகல் வெளிச்சம் மறைத்தால் ஏ விசையையும் அழுத்தி நீக்கி விடலாம். இனி சமக்குறி விசையை ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஒரு நாள் நகரும். பிறை வளர்ந்து பௌர்ணமியாகித் தேய்வதைக் குழந்தையே தட்டித் தட்டிப் பார்க்கலாம். எஃப் 5 விசையில் தேதியை 2025 செப்டம்பர் 7, நேரத்தை இரவு 11.40 என்று மாற்றினால், அன்று நம் நாட்டில் தெரிந்த முழுச் சந்திர கிரகணத்தில் நிலவு செம்பு நிறமாக நிற்பதைக் காணலாம்.

ஆனால் திரை 'என்ன நடக்கிறது' என்று காட்டுமே தவிர 'ஏன்' என்று காட்டாது. அதற்கு இருட்டறை, மூடியில்லாத ஒரு பல்பு, பென்சிலில் குத்திய தெர்மாக்கோல் பந்து வேண்டும். பல்பைக் குழந்தையின் தலை உயரத்தில் வைத்துக் கொள்ளுங்கள். குழந்தை பந்தைக் கை நீட்டி, தலைக்குச் சற்று மேலே பிடித்து, பல்பைப் பார்த்து நிற்க வேண்டும். பந்தின் நம் பக்கம் இருட்டு, அமாவாசை. மெல்ல இடப்புறமாகத் திரும்பச் சொன்னால் பந்தின் ஓரத்தில் பிறை தோன்றும். முழுதாகப் பல்புக்கு முதுகு காட்டும்போது பௌர்ணமி. கையைச் சற்றுத் தாழ்த்தினால் தலையின் நிழல் பந்தின் மேல் விழும். "என் தலைதான் மறைக்குது!" என்று என் மகள் கத்தினாள். கிரகண விளக்கம் அத்துடன் முடிந்தது.

ஒரு மாதம் நிலவைப் பார்த்துக் குறித்து வைக்க, வேர்டு புரோகிராமில் ஷிப்ட் விசையைப் பிடித்தபடி ஒரு வட்டம் வரைந்து, காப்பி செய்து, முப்பது வட்டங்களாக ஒரு தாளில் பிரிண்ட் எடுக்கவும். தினமும் பார்த்த அளவுக்குக் குழந்தை கறுப்பு கிரேயானால் நிரப்பட்டும். மேகம் மறைத்த நாளில் வட்டத்தில் மேகம் வரையலாம்.

குழித் தட்டு

அகலத் தட்டில் நான்கு விரற்கடை மைதா மாவு, மேலே மெல்லிய படலமாகக் கேழ்வரகு மாவு. எலுமிச்சம்பழத்தை முதலில் முழங்கால் உயரத்திலிருந்தும் பிறகு தோள் உயரத்திலிருந்தும் போடச் சொல்லுங்கள். வேகம் கூடக் குழியும் பெரிதாகும். அடியிலிருந்து வெள்ளை மாவு கோடு கோடாகத் தெறிக்கும். நிலவின் தென்பகுதியில் உள்ள 85 கி.மீ. அகலமான டைக்கோ குழியைச் சுற்றியும் இதே போன்ற வெண்கோடுகள் உண்டு. தட்டை நேர் மேலிருந்து செல்போனில் படம் எடுத்து, டைக்கோவின் படத்தையும் பக்கத்தில் திறந்து காட்டுங்கள். கம்ப்யூட்டருக்கு இதைவிட நல்ல உபயோகம் கிடையாது. விளக்கை அணைத்து டார்ச்சைத் தட்டின் ஓரத்தில் தாழ்வாகப் பிடித்தால் குழிகளின் நிழல் நீளும். தலைக்கு மேல் பிடித்தால் குழிகளே தெரியாது. பௌர்ணமியை விட அரை நிலாவில் குழிகள் தெளிவாகத் தெரியும் காரணம் இதுதான்.

மாவை வீணாக்குவதா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வண்டு வைத்த பழைய மாவு இருந்தால் நல்லது, சலித்த மணலும் சரிதான். இஸ்ரோவுக்கே நிலவு மண் தேவைப்பட்டது! சந்திரயான்-2 சோதனைகளுக்காக நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி வட்டாரத்து அனார்த்தசைட் பாறையைப் பொடித்துத்தான் நிலவு மண் போலத் தயாரித்தார்கள்.

எலுமிச்சைக்குப் பதில் கோலிகுண்டு வேண்டாம். சின்னத் தம்பி தங்கைகள் வாயில் போட்டுக் கொள்வார்கள். நூலில் ஓடும் பலூன் ராக்கெட்டும் நல்ல விளையாட்டுதான், ஆனால் வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கி விட வேண்டும்.

ரோவர் ஆட்டம்

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கம்ப்யூட்டர் கற்கும் வாசகர்களுக்கும் பிடிக்கும். டைல்ஸ் போட்ட தரைதான் நிலவு. தலையணைகள் குழிகள். ஒரு குழந்தை ரோவர், இன்னொரு குழந்தை பெங்களூரிலிருந்து கட்டளை அனுப்பும் விஞ்ஞானி. வேர்டில் அம்புக்குறிகளை வரைந்து 'முன்னே ஒரு கட்டம்', 'இடப்பக்கம் திரும்பு', 'வலப்பக்கம் திரும்பு' என்று மூன்று வகை அட்டைகள், வகைக்கு எட்டு எட்டாகப் பிரிண்ட் எடுத்துக் கொள்ளவும். விஞ்ஞானி எல்லா அட்டைகளையும் வரிசையாக அடுக்கிய பிறகே ரோவர் புறப்படும். நடுவில் வாய் திறக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியில்தான் விஷயம் இருக்கிறது. முதல் ஆட்டத்தில் பையன் தலையணையை நோக்கிப் போக, என் மகள் "டேய், குழிடா, திரும்பு!" என்று அலறினாள். "பேசினா நிலாவுல கேக்காது" என்றேன். இருவரையும் உட்கார வைத்து, அட்டைகளின் மேல் விரலை ஓட்டி எந்த அட்டையில் தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். ஐந்தாவது அட்டையை அவளே மாற்றினாள். புரோகிராமர்கள் 'டிபக்' என்று சொல்வது இதைத்தான். சரியான விடையை நாம் சொல்லி விட்டால் ஆட்டம் செத்துவிடும்.

'திரும்பு' அட்டையைக் கண்டதும் எல்லாக் குழந்தைகளும் திரும்பி ஒரு கட்டம் நடந்தும் விடுவார்கள். பள்ளியில் லோகோ படித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் நினைவிருக்கும். 1967-இல் உருவான அந்த மொழியில் ஆமைக்கு 'திரும்பு' என்பது வேறு கட்டளை, 'நட' என்பது வேறு கட்டளை. லோகோவை உருவாக்கியவர்களில் ஒருவரான செமூர் பேப்பர்ட், குழந்தைகளே ஆமையாக நடந்து பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். வலது மணிக்கட்டில் ஒரு ரிப்பனைக் கட்டிவிட்டால் இடம் வலம் குழப்பமும் குறையும்.

ஆட்டத்துக்கு நடுவே பிரக்யான் ரோவரின் கதையைச் சொல்லுங்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. பிரக்யானின் எடை 26 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையைத் தொட்டுத் தூக்கிப் பார்க்கச் சொன்னால் போதும். ஆகஸ்ட் 27 அன்று அதன் வழியில், மூன்று மீட்டர் முன்னால், 4 மீட்டர் அகலக் குழி ஒன்று வந்தது. வந்த வழியே திரும்பிப் போகக் கட்டளை அனுப்பினார்கள். இதைக் கேட்டதும் பையன் புது அட்டை கேட்டான், 'பின்னே ஒரு கட்டம்'. வரைந்து கொடுத்தேன்.

பழகிய பிறகு ரோவரைப் படுக்கையறைக்கும் விஞ்ஞானியை ஹாலுக்கும் அனுப்பி விடுங்கள். அப்பாவோ அம்மாவோ நடுவில் நின்று, செல்போனில் எடுத்த படத்தை இங்கேயும் அட்டைகளை அங்கேயும் கொண்டு போக வேண்டும். நிலவுக்கு ரேடியோ அலை செல்ல 1.3 வினாடி ஆகும், அதனால் விரைவாக நடக்கவும். செவ்வாய்க் கிரகம் என்றால் தொலைவைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். எங்கள் வீட்டில் செவ்வாய் ஆட்டத்துக்கு மூன்று நிமிடம் என்று வைத்திருக்கிறோம். அதற்கு மேல் போனால் ரோவர் கட்டிலில் படுத்துத் தூங்கி விடுகிறது.