ஹெட் கேஸ்கட் கசிவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மோட்டார் சைக்கிள் எஞ்சினில் சிலிண்டர் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடு ஹெட் கேஸ்கட். எரியும் வாயுவின் அழுத்தத்தை உள்ளே நிறுத்துவதும், ஹெட்டுக்கு ஏறி இறங்கும் ஆயிலை வெளியே விடாததும் அதன் வேலை.

ஃபின்களில் ஆயில் படிந்தாலே ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பலரும் நம்புகிறார்கள். ஆயில் கீழே வழியும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் ஈரம் தெரியும் இடமே கசியும் இடம் என்று சொல்ல முடியாது. டேப்பெட் மூடியின் ஓரிங் விறைத்துப்போனாலும் அதே ஃபின்கள்தான் நனையும். எஞ்சின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயால் கழுவி, முழுவதும் உலரவிட்டு, இணைப்புகளைச் சுற்றி முகப்பவுடர் தூவி ஓடவிட்டால், பவுடர் முதலில் நனையும் இடம் உண்மையைக் காட்டும். வாயுக் கசிவு என்றால், ஆறிய எஞ்சினின் இணைப்பில் சோப்பு நீர் தடவிக் கிக்கரை மிதிக்கும்போது குமிழி கிளம்பும். இந்த எளிய சோதனைகளைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றுவது வீண் செலவு.

வெள்ளைப் புகையை வைத்து ஹெட் கேஸ்கட்டைக் குறைசொல்வது கூலன்ட் ஓடும் எஞ்சினுக்கு மட்டுமே பொருந்தும். காற்றில் குளிரும் எஞ்சினில் கசிய நீரே இல்லை.

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது, நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் கசிவு நிற்கும் என்ற நம்பிக்கை. அளவு மீறினால் ஸ்டட் நீளும், அலுமினியத்தில் மரை பிய்யும், ஹெட் கோணும். அதன்பின் சிறிய கசிவு பெரிய வேலையாகிவிடும். கையேட்டில் உள்ள அளவுக்கு, ஆறிய எஞ்சினில், எதிரெதிர் மூலைகளாக, சில சுற்றுகளில் டார்க் ரெஞ்சால் இறுக்குவதே முறை.

கையேடு சொல்லாத இடத்தில் பேஸ்ட் தடவுவதும் கெடுதல். பிதுங்கிய பேஸ்ட் துணுக்குகள் ஆயில் துளையை அடைத்தால் கேம்ஷாஃப்ட் வறண்டு தேயும். பழைய கேஸ்கட் ஒருமுறை நசுங்கியது. திரும்பப் போட்டால் முன்போல் அடைக்காது. முழுச் செம்புத் தகடு மட்டும் விலக்கு: சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டால் மீண்டும் மென்மையாகும்.

புது கேஸ்கட் போட்டும் கசிந்தால் பழி கேஸ்கட்டின் மேல் விழுகிறது. ஆனால் ஹெட்டின் பரப்பு வளைந்திருக்கலாம். நேர்விளிம்புச் சட்டத்தைக் குறுக்கும் மூலைவிட்டமுமாக வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். சிறிய எஞ்சின்களில் அனுமதி 0.05 மில்லிமீட்டர் அளவிலேயே இருப்பது வழக்கம். கத்தியால் சுரண்டிய கீறலும் கசியும். ப்ரீதர் குழாய் அடைத்திருந்தாலும், ஆயில் அளவு மிஞ்சினாலும், பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, நல்ல கேஸ்கட்டின் வழியாகவும் ஆயில் வெளியேறக்கூடும்.

ஹெட்டைப் பூட்டியதும் உடனே கிக்கரை மிதிக்கக் கூடாது. எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுழற்றி, டைமிங் குறிகள் நேராக நிற்பதைப் பார்த்து, ஆறிய நிலையிலேயே டேப்பெட் இடைவெளியை வைத்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.