இறங்குவதைக் காட்டச் சொல்

வத்தலக்குண்டு,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இந்த வருஷம் பூண்டு நல்ல விலைக்குப் போனதையும், அந்தக் காசில் நீ டிராக்டர் வாங்கப் போவதையும், வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கக் கீழே இறங்கி வரப்போவதையும் அக்கா சொன்னாள். போனில் பேசினால் "சரி மாமா, சரி மாமா" என்பாய், வைத்தபிறகு உன் இஷ்டத்துக்குச் செய்வாய். உங்கப்பாவும் அப்படித்தான். அதனால் எழுதி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். வெள்ளிக்குள் ஒருமுறை முழுக்கப் படி.

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். சிவப்பு வண்டி சுவர் மாதிரி நிற்கும் மேட்டில் புகையைக் கக்கிக்கொண்டு ஏறுகிறது, நாலு பேர் கைதட்டுகிறார்கள். சரி, ஏறிவிட்டது. இறங்கியதை ஏன் காட்டவில்லை? முப்பது வருஷம் ஸ்பானர் பிடித்த கை இது. மலையிலிருந்து என் பட்டறைக்கு நொறுங்கி வந்த வண்டிகளில் ஏற முடியாமல் கெட்டது ஒன்றிரண்டு. மற்றதெல்லாம் இறங்கும்போது கை மீறியது, இல்லை குறுக்கே போகும்போது உருண்டது. அதனால் கடைக்காரரிடம் எத்தனை குதிரைத்திறன் என்று ஆரம்பிக்காதே. உன் நிலத்தில் இந்த வண்டி எப்படி இறங்கும் என்று ஆரம்பி.

அதற்கு முதலில் உன் நிலம் எத்தனை சரிவு என்று உனக்கே தெரிய வேண்டும். "நல்ல சரிவு மாமா" என்பது கணக்கில்லை. சரியாக ஒரு மீட்டர் நீளமுள்ள ரீப்பர் ஒன்றை எடு. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் மாதிரி ஒன்றை அதன்மேல் வை. ரீப்பரின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் ஊன்றி, பள்ளத்துப் பக்க முனையைக் குமிழி நடுவில் வரும்வரை தூக்கு. அந்த முனைக்கும் தரைக்கும் எத்தனை சென்டிமீட்டரோ அத்தனை சதவீதச் சரிவு. ஒவ்வொரு அடுக்கிலும் நாலைந்து இடத்தில் அளந்து நோட்டில் எழுது. இன்னொன்று, சதவீதம் வேறு, டிகிரி வேறு. 45 டிகிரி என்றால் 100 சதவீதம். 20 டிகிரி என்றால் 36 சதவீதம். கடையில் "20 வரைக்கும் தாராளமாகப் போகும் சார்" என்பார்கள். எந்த 20 என்று கேள்.

நான் ஓட்டினால் குறுக்கே 15 சதவீதத்துக்கு மேல் போகமாட்டேன். நேராக ஏறி இறங்க 25 வரை, அதுவும் மண் காய்ந்திருந்தால். இது என் பயத்தின் அளவு, சட்டம் இல்லை. உனக்கு இது ரொம்பக் கம்மியாகத் தெரியும், ஏனென்றால் 15 சதவீதத்தில் நின்றுகொண்டிருக்கும் வண்டி கவிழாது. ஓடும் வண்டிதான் கவிழும். இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்.

நீ பார்த்து வைத்திருக்கும் வண்டியின் பின்சக்கரங்களுக்கு நடுவே ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் இருக்கும் என்று வை. 15 சதவீதச் சரிவில் குறுக்கே போகிறாய். மேட்டுப் பக்கச் சக்கரம் 10 சென்டிமீட்டர் உயரக் கல் ஒன்றின்மேல் ஏறுகிறது. பத்தைத் தொண்ணூறால் வகுத்தால் 11 சதவீதம். 15 இப்போது 26 ஆகிவிட்டது. அதே நேரத்தில் பள்ளத்துப் பக்கச் சக்கரம் பன்றி கிளறிய குழியில் 10 சென்டிமீட்டர் இறங்கினால் 37. நிலம் மாறவில்லை, ஒரு கல்லும் ஒரு குழியும்தான். அதே கல், அதே குழி, ஆனால் சக்கர அகலம் 120 சென்டிமீட்டர் என்றால் 32க்குள் நிற்கும். அந்த அஞ்சு சதவீதத்தில்தான் நீ சாயங்காலம் வீட்டுக்கு வருவதும் வராததும் இருக்கிறது.

மலைக்காரனுக்கு இதில்தான் சிக்கல். அடுக்கு குறுகல், நுழைய வேண்டும் என்று ஒல்லியான வண்டியாகத் தேடுகிறோம். ஒல்லியான வண்டி சீக்கிரம் சாயும். நுழைந்தால் போதும் என்று வாங்கியவன் அடுத்த மழைக்காலத்தில் வண்டியைக் கயிறு கட்டி மேலே தூக்குகிறான். நீ உன் வழியில் மிகக் குறுகலான இடத்தை அளந்து, அதில் நுழையக்கூடியதிலேயே அகலமான வண்டியாகப் பார். பல வண்டிகளில் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டால் அகலம் கூடும். டெலிவரி எடுக்கும்போதே அகலமாகப் போட்டுத் தரச் சொல். பின் டயரில் முக்கால் பங்குக்குத் தண்ணீர் அடித்தால் எடை கீழே இறங்கும், அதுவும் நல்லது.

சரிவிலேயே பிறந்து வளர்ந்த ஊர்க்காரர்கள் எப்படி வண்டி செய்கிறார்கள் என்று பார்த்தால் இது விளங்கும். சுவிட்சர்லாந்தில் ஏபி கம்பெனி டெர்ராட்ராக் என்று ஒரு வண்டி செய்கிறது. பார்த்தால் டிராக்டர் என்றே சொல்லமாட்டாய். தட்டை, அகலம், நாலு சக்கரமும் ஒரே அளவு, ஆமை மாதிரி தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். அது நமக்கு எட்டாத விலை. அதன் புத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: தாழ்வாக, அகலமாக.

நம் டிராக்டருக்கு நாலு சக்கரம் இருக்கிறது என்று நினைக்கிறாயே, சரிவில் அது மூன்று சக்கர வண்டி. முன் ஆக்சில் நடுவில் ஒரே ஒரு பின்னில் ஆடுகிறது. மேடு பள்ளத்தில் முன்சக்கரம் ஏறி இறங்கட்டும் என்று வைத்தது. அந்த ஆட்டம் முடிந்து முட்டுக்கட்டையில் இடிக்கும்வரை முன்பக்கம் வண்டி சாய்வதைத் தடுக்காது. முன்னே ஒரு புள்ளி, பின்னே இரண்டு சக்கரம், ஷேர் ஆட்டோ மாதிரி. கேட்லாக்கில் இதெல்லாம் இருக்காது. மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் டிராக்டர் பரிசோதனை நிலையம் இருக்கிறது. அவர்கள் பரிசோதித்த வண்டிக்குத் தரும் அறிக்கையில் வண்டியின் எடை, அந்த எடையின் மையம் தரையிலிருந்து எத்தனை உயரம், பிரேக் எப்படிப் பிடிக்கிறது எல்லாம் அச்சாகியிருக்கும். அதைக் கேள். கடைக்காரர் முழிப்பார். பரவாயில்லை, வரவழைத்துக் கொடுக்கச் சொல்.

அடுத்து ரோல் பார். சீட்டுக்குப் பின்னால் தலைக்குமேல் வளைந்து நிற்கும் தடித்த இரும்பு. அது இல்லாத வண்டியை மலைக்கு ஏற்றாதே. விலை கூட என்றாலும், வர ஒரு மாசம் ஆகும் என்றாலும் காத்திரு. வண்டி கவிழ்வதை அது தடுக்காது. கவிழ்ந்தால் உன்மேல் முழுக்கப் படுக்காமல் இடம் விடும். அந்த இடத்துக்குள் நீ இருக்க வேண்டும் என்றால் சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒன்று. சுவீடனில் 1959லேயே புது டிராக்டர் எல்லாவற்றுக்கும் இப்படிப்பட்ட பாதுகாப்பு இரும்பைக் கட்டாயமாக்கினார்கள், வண்டிக்கடியில் சிக்கிச் செத்தவர்கள் அங்கே அதன்பிறகு வெகுவாகக் குறைந்தார்கள். நம் பக்கம் வெயிலுக்கு வெல்டிங் பட்டறையில் குழாய் வைத்து ஒரு டாப் போடுவார்கள். அதைப் பார்த்து இதுவும் அதுவும் ஒன்றுதானே என்று நினைத்துவிடாதே. அந்தக் குழாய் ஒரு டன் வண்டியைத் தாங்காது, மடிந்து உன் முதுகிலேயே இறங்கும். இதுமாதிரி டாப் போட நானே பத்துப் பதினைந்து வண்டிக்குக் குழாய் வளைத்துக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

உன் பேரிக்காய் மரத்தடியில் கிளை இடிக்கிறது என்று ரோல் பாரை மடக்குவாய். மடக்கலாம், ஆனால் மடக்கிய நேரம் பெல்ட்டைக் கழற்று. கம்பி இல்லாமல் கட்டிக்கொண்டு உருண்டால் தப்பிக்க வழியே இல்லை. மரத்தடியை விட்டு வெளியே வந்த நிமிஷமே நிமிர்த்தி, பின்னைக் குத்தி, பெல்ட்டைப் போடு. மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காதே. உன் மகன் அழுவான். அழட்டும்.

என் இடது தோளில் ஒரு தழும்பு இருக்கிறதே, சின்ன வயதில் நீ கேட்டால் நாய் கடித்தது என்பேன். நாய் இல்லை. 1994, தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். 35 குதிரைத்திறன் வண்டி, கட்டையை மேட்டுக்கு இழுக்க வேண்டும். டிராபாரில் சங்கிலி போட்டால் கட்டையின் முனை மண்ணில் குத்திக்கொண்டது. கொஞ்சம் தூக்கினால் வழுக்கிக்கொண்டு வரும் என்று சங்கிலியை மேலே டாப் லிங்க் கொக்கியில் மாட்டினேன். கிளட்சை விட்டேன். கட்டை அசையவில்லை, பின்சக்கரமும் அசையவில்லை. அப்போது எஞ்சின் என்ன செய்யும்? சக்கரத்தைச் சுற்ற முடியாவிட்டால் ஆக்சிலைப் பிடித்துக்கொண்டு வண்டியையே சுற்றும். பானட் என் கண்ணுக்கு நேரே எழுந்து நின்றது. அதுக்கப்புறம் வானம். முக்கால் விநாடியில் திரும்பி வர முடியாத இடத்துக்குப் போய்விடும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்துக்குள் கால் கிளட்சுக்குப் போகாது மாப்பிள்ளை, யாருக்கும் போகாது. சங்கிலி அறுந்து என் தோளைச் சீவியது, முன்சக்கரம் தொப்பென்று கீழே விழுந்தது. என் சாமர்த்தியம் அதில் ஒன்றுமில்லை, பழைய சங்கிலி. அன்றிலிருந்து எதை இழுத்தாலும் டிராபாரில்தான். ஆக்சிலுக்கு மேலே எதையும் கட்டாதே. அதே காரணத்துக்காகப் பின்னால் ரோட்டவேட்டர் தொங்கும்போது நேர் மேட்டில் முன்பக்கமாக ஏறாதே. ரிவர்ஸில் ஏறு, முன்பக்கமாக இறங்கு. முன்னால் எடைக்கட்டி போடும் வண்டியாகப் பார்.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வாங்குவது சரிதான், ஆனால் நீ நினைக்கும் காரணத்துக்காக இல்லை. நம் டிராக்டரில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும். இறக்கத்தில் எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரம் லேசாகி வழுக்கும். ஃபோர் வீலைப் போட்டு இறங்கினால் முன்சக்கரமும் கியரோடு பிணைந்திருப்பதால் அதுவும் பிடிக்கும். இறக்கம் தொடங்குமுன் நின்று லோ கியரைப் போடு. நடுவில் கியர் மாற்றாதே, கிளட்சை மிதிக்காதே. மிதித்த மறு நிமிஷம் வண்டி உன்னுடையது இல்லை. பிரேக் பெடல் இடது வலது இரண்டையும் சேர்க்கும் கொக்கி இருக்கும். வயலில் திரும்புவதற்குக் கழற்றுவாய். கழற்றியபடியே கொடைக்கானல் ரோட்டில் வந்து அவசரத்துக்கு மிதித்தால் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி குறுக்கே சுற்றும். எண்ணெயில் மூழ்கிய பிரேக்காக வாங்கு, சகதிக்கும் ஈரத்துக்கும் அதுதான் தாங்கும்.

டிரெய்லர் விஷயத்தில் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அதற்குப் பிரேக் கிடையாது. இறக்கத்தில் மூட்டைகள் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். டிரெய்லரும் மூட்டையும் சேர்ந்து வண்டியின் எடையைத் தாண்டக் கூடாது. இரண்டு நடை போனால் என்ன குறைந்துவிடும்? குதிரைமேல் மூட்டை ஏற்றிய காலத்தில் நாலு நடை போனோம்.

குதிரைத்திறனைப் பற்றி நீ ரொம்பக் கவலைப்படுகிறாய். ஜீவோ 245, குபோட்டா பி2441 இரண்டும் 24, வி.எஸ்.டி. 270 வண்டி 27. டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் தெம்பு குறையும். உங்கள் ஊர் ஆறாயிரம் அடிக்கு மேல், அதனால் 24 அங்கே 20க்குப் பக்கம். அது போதும். கலரை உன் பெண்டாட்டி முடிவு செய்யட்டும்.

பவர் டில்லர் போதும் என்றும் ஒரு யோசனை சொன்னாயாம். மேல் அடுக்குகளுக்கு அது நல்லதுதான், ஆனால் ஒரு விஷயம் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். சமதளத்தில் இடது கைப்பிடிக் கிளட்சை அழுத்தினால் இடது பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டிருக்கும்போது அதையே அழுத்தினால் இடது சக்கரம் விட்டுப்போய் ஓடும், வண்டி வலது பக்கம் திரும்பும். வரப்பு விளிம்பில் இது நடந்தால் நீ எந்தப் பக்கம் தாவுவாய்? இறக்கத்தில் அந்தக் கிளட்சைத் தொடாதே, கைப்பிடியைத் தள்ளியே திருப்பு.

விளிம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. அடுக்கின் கரை எத்தனை உயரமோ அத்தனை தூரம் உள்ளே தள்ளியே ஓட்டு. ஆறடிக் கரை என்றால் ஆறடி. மழைக்கப்புறம் இன்னும் தள்ளி. அந்த ஓரத்து மண் உன் கால்தடத்தைத் தாங்கும், சக்கரத்தைத் தாங்காது. அதை மண்வெட்டியால் கொத்திக்கொள். இடம் வீணாகிறது என்று உன் அம்மா சத்தம் போடுவாள். நான் சொன்னேன் என்று சொல்.

சோளக்கொல்லைக்கு மேலே இருக்கும் அந்தக் கடைசித் துண்டை நீ அளக்கும்போது 35 சதவீதத்துக்குக் கீழே வராது, நான் நடந்து பார்த்திருக்கிறேன். நமக்கு எட்டும் விலையில் அதற்கு வண்டி கிடையாது. அங்கே பேரிக்காயோ பிளம்ஸோ வைத்துவிட்டுப் புல்லை விட்டுவிடு.

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் வேண்டாம். ஒரு வாரம் தள்ளு. வண்டியை மேலே கொண்டுவந்து உன் நிலத்தில், ரோட்டவேட்டர் மாட்டி, மூன்றாவது அடுக்கில் இறக்கிக் காட்டினால்தான் காசு என்று சொல். சம்மதிக்காத கடை வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு வண்டி கிடைத்தால் இரண்டு நாள் ஓட்டிப் பார், உன் கையும் பழகும். மானிய மனுவையும் அங்கேயே விசாரி. பில் போட்டபிறகு போனால் கிடைக்காது.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நான் மேலே வருகிறேன். ரசமட்டம் என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன். ரீப்பரை மட்டும் சரியாக ஒரு மீட்டருக்கு வெட்டி வை. அக்காவிடம் இரண்டு கிலோ பூண்டு எடுத்து வைக்கச் சொல், போன தடவை கொடுத்தது தீர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் மாமா