அதே வானம் அல்ல



"பத்து வருடமாக மொட்டைமாடியில் பாய் விரித்து வானம் பார்க்கிறேன். அதே திருவாதிரை, அதே கேட்டை. எதுவும் மாறக் காணோம்" என்று சலித்து எழுதியிருக்கிறீர்கள், வாசகரே.

கேட்டைக்குக் கொஞ்சம் வடக்கே, 2022 ஜூனில் ஒரு நட்சத்திரம் பொங்கி அடங்கியது. பெயர் யூ ஸ்கார்பியை. உச்சத்திலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பைனாகுலர் வேண்டும். ஆகவே அதைத் தவறவிட்டது உங்கள் குற்றமில்லை.

அதை முதலில் கண்டது நம் ஊரிலிருந்துதான். 1863 மே மாதம், மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்டு குறித்துவைத்தார். சில நாளில் மங்கி மறைந்துவிட்டது. பல பத்தாண்டுகள் கழித்து, பழைய புகைப்படத் தகடுகளைத் துழாவியபோதுதான் 1906லும் 1936லும் அது மறுபடி எரிந்திருந்தது தெரிந்தது. பிறகு 1979, 1987, 1999, 2010, 2022. இந்தக் கடைசி இடைவெளிகள் ஏறக்குறைய குறிஞ்சி பூக்கும் கணக்கு. ஆனால் குறிஞ்சியைப் பார்க்க மாதக்கணக்கில் அவகாசம் உண்டு. இது மூன்றே நாளில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே மங்கிவிடும்.

அங்கே இருப்பது இரட்டை நட்சத்திரம். ஒன்று பூமியளவே சுருங்கிய வெண்குள்ளன். பக்கத்து நட்சத்திரத்தின் ஹைட்ரஜனை இழுத்து இழுத்து மேலே போர்த்திக்கொள்கிறது. போர்வை கனத்து, அடியில் சூடும் அழுத்தமும் ஏறினால் மொத்தமும் பற்றிக்கொள்ளும். பால்தான் பொங்கி வழிகிறது, பானை உடைவதில்லை. அதனால் மறுபடி முதலிலிருந்து.

அதே மதராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி கூடிக் குறையும் இன்னொரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். ஆர் ரெடிகுலி என்று பெயர். பாடப்புத்தகத்தில் அவரை நான் படித்ததாக நினைவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

சரி, உங்கள் திருவாதிரைக்கு வருவோம். 2020 பிப்ரவரியில் அது வழக்கமான வெளிச்சத்தில் பாதிக்கும் கீழே போயிருந்தது. தானே கக்கிய வாயு குளிர்ந்து தூசாகி, அதன் முகத்தையே மறைத்திருந்தது. இதற்கு பைனாகுலர் வேண்டாம். மாடியில்தான் இருந்திருப்பீர்கள், பார்த்தும் இருப்பீர்கள். பக்கத்திலிருக்கும் ரோகிணியோடு ஒப்பிட்டிருந்தால் பிடிபட்டிருக்கும்: வழக்கமாக ரோகிணியை மிஞ்சும் திருவாதிரை அந்த மாதம் அதற்குத் தோற்றுக் கிடந்தது.

வரும் மார்கழியிலிருந்து வாரம் ஒருமுறை, இரண்டில் எது பிரகாசம் என்று காலண்டர் ஓரத்தில் ஒரு வரி குறித்துவையுங்கள். பங்குனியில் அந்தத் தாள்களை எனக்கு அனுப்புங்கள்.