முதலில் கம்பி, கடைசியில் பிக்கப்

கேள்வி: குறைந்த விலை எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை பழகலாமா? பிறகு எதை மாற்றுவது? (வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்)

பதில்: தாராளமாகப் பழகுங்கள். கமகத்துக்கு நீண்டு நிற்கும் நாதம் வேண்டும், அதற்காகவே யு.ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார். கிட்டாரில் பிரசன்னா வாசிப்பதைக் கேளுங்கள்.

ஆன்லைனில் வாங்காதீர்கள். சென்னை அண்ணா சாலையில், 1842இல் தொடங்கிய மியூசி மியூசிகல் போன்ற கடையில் கையில் எடுத்துப் பாருங்கள். நெக் நேராக இருக்க வேண்டும். 12ஆவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டும் சுரமும், அதே இடத்தில் விரலால் தொட்டு மட்டும் எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒத்துப்போக வேண்டும். சின்ன ஆம்ப்ளிஃபயருக்கும் பணம் ஒதுக்குங்கள்.

வாங்கியதும் 0.009 அங்குலக் கம்பி மாட்டி, கம்பி உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இழுத்து வாசிக்க விரல் நோகாது. சுருதி நழுவினால் முதலில் நட் பள்ளத்தைப் பாருங்கள், டியூனர்மேல் பழி போடாதீர்கள். பிக்கப் மாற்றுவது கடைசி வேலை.