காணும் கருவியும் காணா வலையும்

கண்ணுக்குப் புலனாவதைப் போற்றுதலும், புலனாகாததை மறத்தலும் மக்கள் இயல்பு. மாளிகையின் மாடத்தை வியந்து நிற்போர் பலர்; மண்ணுள் மறைந்து அதனைத் தாங்கும் கடைக்காலை நினைப்போர் சிலரே. மலரின் மணத்தைப் பாராட்டுவோர் வேரின் உழைப்பை எண்ணுவதில்லை. நம் காலத்தில் கைப்பேசித் தொழிலிலும் இவ்வியல்பு நன்கு விளங்குகின்றது. கடையின் கண்ணாடிப் பேழையுள் பளபளக்கும் புதிய கைப்பேசியைக் காண மக்கள் திரளுகின்றனர். அக்கருவியைப் பேச வைக்கும் கோபுரங்களும், மண்ணுள் புதைந்த கம்பிகளும், வானில் பரவும் அலைகளும் ஆகிய பெருவலையைக் காண ஒருவரும் திரளுவதில்லை.

கைப்பேசிச் சேவை நடத்தும் நிறுவனத்தின் கையில் உள்ள பொருள் அளவுடையது. அப்பொருளைக் கொண்டு புதுமை மிக்க கைப்பேசிகளைத் தருவித்து, விலையைக் குறைத்து விற்று, வாடிக்கையாளர்களை ஈர்க்கலாம். அன்றி, கோபுரங்களைப் பெருக்கி, கம்பிகளை மாற்றி, வலையின் தரத்தை உயர்த்தலாம். இவ்விரண்டனுள் முதலிடம் பெறத்தக்கது எது? இவ்வினா வணிகர்க்கு மட்டும் உரியதன்று. பொதுப் பணி ஆற்றும் எவர்க்கும் உரியது. இதனை ஆராய்தற்கு அமெரிக்க நாட்டில் 2007 முதல் 2011 வரை நிகழ்ந்த நிகழ்ச்சிகள் பெரிதும் துணைபுரியும்.

முதற்கண், கைப்பேசி இயங்கும் முறையை அறிதல் வேண்டும். நாம் பேசும் பேச்சு வானொலி அலையாக மாறி, அருகிலுள்ள கோபுரத்தை அடைகின்றது. அங்கிருந்து கம்பி வழியே நிலையத்திற்குச் சென்று, பிறிதொரு கோபுரத்தின் வாயிலாக மற்றவர் கைப்பேசியைச் சேர்கின்றது. இதற்குப் பயன்படும் அலைவரிசைகள் மிகச் சிலவே. அச்சிலவற்றைக் கொண்டு பல இலட்சம் மக்கள் ஒரே காலத்தில் பேசுவது எங்ஙனம்? இதற்குரிய வழியை 1947-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து அறிஞர்கள் வகுத்தனர். ஒரு நகரத்தைத் தேன்கூட்டின் அறைகளைப் போலச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கோபுரம் நாட்டினால், ஓரறையில் பயன்படும் அலைவரிசையையே சற்றுத் தொலைவிலுள்ள மற்றோரறையிலும் மீண்டும் பயன்படுத்தலாம் என்பது அவர்தம் கருத்து. இக்கருத்து 1983-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் வணிக முறையில் நடைமுறைக்கு வந்தது.

இம்முறையில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. ஓரறையில் உள்ளோர் அனைவரும் அவ்வறைக்குரிய ஆற்றலைத் தம்முள் பகிர்ந்துகொள்கின்றனர். ஊர்க்கிணறு ஒன்றே; குடங்கள் பெருகினால் ஒவ்வொருவர்க்கும் கிடைக்கும் நீர் குறையும். குடம் பொன்னாலாயது எனினும், ஊற்று வற்றிய கிணற்றில் அதனால் பயன் இல்லை அன்றோ? புதிய கைப்பேசி குடத்தைப் போன்றது. வலையமைப்போ கிணற்றைப் போன்றது.

இனி, அமெரிக்க நிகழ்ச்சிக்கு வருவோம். 2007-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், சான் பிரான்சிஸ்கோ நகரில் ஐபோன் என்னும் கைப்பேசியை உலகிற்கு அறிமுகம் செய்தார். விரலால் தொட்டு இயக்கும் அக்கருவி அவ்வாண்டு சூன் 29-ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அதனை விற்கும் தனியுரிமையை ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் பெற்றிருந்தது. 2011-ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை, அந்நாட்டில் ஐபோனை விரும்பியோர் அந்நிறுவனத்தையே நாட வேண்டியிருந்தது. முதலில் 499 டாலரும் 599 டாலருமாக இருந்த விலை, மறு ஆண்டு வந்த புதிய வகைக்கு, ஈராண்டு ஒப்பந்தம் செய்துகொள்வோர்க்கு, 199 டாலராகக் குறைந்தது. மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். 2009-ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் மட்டும் 32 இலட்சம் ஐபோன்கள் அந்நிறுவனத்தின் வலையில் இணைக்கப்பெற்றன. அவற்றை வாங்கியோருள் ஐவரில் இருவர் அளவினர் பிற நிறுவனங்களை விட்டுப் புதியராய் வந்தவர் ஆவர். கருவியின் கவர்ச்சிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வந்த விருந்தினர்க்கு இலை போட்டாயிற்று. சோறு போதுமா என்பதே அடுத்த வினா. பழைய கைப்பேசியால் மக்கள் பேசினர். சிறு செய்திகளை அனுப்பினர். ஐபோன் உடையோரோ படங்களைக் கண்டனர், இசை கேட்டனர், வரைபடம் பார்த்து வழி அறிந்தனர். நான்கு ஆண்டுகளில் தன் வலையில் ஓடிய தரவின் அளவு 8,000 விழுக்காடு பெருகியதாக அந்நிறுவனமே பின்னர் அறிவித்தது. ஒரு மடங்கு எண்பது மடங்காயிற்று எனலாம். நியூயார்க்கு, சான் பிரான்சிஸ்கோ ஆகிய பெருநகரங்களில் பேச்சு இடையில் அறுந்தது. அழைப்புகள் சென்று சேரவில்லை. 2009-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் டெக்சாசு மாநிலத்தின் ஆசுடின் நகரில் ஒரு பெருவிழா நடந்தது. ஐபோனுடன் வந்து குவிந்தோரின் சுமை தாங்காமல் வலை திணறியது. நிறுவனம் விழா நடக்கும்போதே ஆற்றலைக் கூட்டி நிலைமையைச் சீர்செய்ய வேண்டியதாயிற்று.

அவ்வாண்டு சூன் திங்களில் வந்த ஐபோன், படச் செய்திகளை அனுப்பும் ஆற்றல் பெற்றிருந்தது. ஆயினும், அமெரிக்க மக்கள் அவ்வசதியைப் பெற்றது செப்டம்பர் 25-ஆம் நாளிலேதான். கருவி ஆயத்தமாக இருந்தது. வலை ஆயத்தமாக இல்லை. அவ்வாண்டு இறுதியில், நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் தம் சேவை தகுந்த தரத்தில் இல்லை என்பதை நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இவ்விடர்ப்பாட்டிற்குக் காரணங்கள் யாவை? கோபுரத்தின் ஆற்றல் அலையில் மட்டும் இல்லை. அதனை நிலையத்தோடு பிணைக்கும் கம்பியிலும் உள்ளது. பழைய செப்புக் கம்பி இணைப்பு ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 15 இலட்சம் பிட் அளவே சுமக்கும். 2009-ஆம் ஆண்டின் ஐபோனோ, தான் ஒன்றே நொடிக்கு 72 இலட்சம் பிட் வரை பெற வல்லது. ஆற்று நீர் அனைத்தையும் ஒரு மூங்கில் குழாயில் செலுத்த முயல்வது போன்றது இது. இதனை நீக்கக் கண்ணாடியிழைக் கம்பி வேண்டும். அதனைப் பதிக்கத் தெருக்களைத் தோண்ட வேண்டும். மேலும், புதுவகைக் கைப்பேசிகள் மின்கலத்தின் ஆற்றலைச் சேமிக்கும் பொருட்டுத் தம் தொடர்பை அடிக்கடி துண்டித்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் கோபுரத்தை அழைக்கும். அவ்வழைப்புகளே வலைக்குப் பெருஞ்சுமையாயின. புதிய கோபுரம் நாட்டுவதும் எளிதன்று. இடம் தேடல் வேண்டும். நகராட்சியின் இசைவு பெறல் வேண்டும். கருவியை ஒரே நாளில் விற்றுவிடலாம். கோபுரத்தை ஒரே நாளில் எழுப்ப இயலாது. இதுவே இச்சிக்கலின் உயிர்நிலை.

நிறுவனம் கைகட்டி நின்றதாகக் கூறுதல் முறையன்று. சுவரை ஊடுருவும் ஆற்றல் மிக்க 850 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையை நெருக்கடி மிக்க நகரங்களில் புதிய சேவைக்கு ஒதுக்கிற்று. செப்புக் கம்பிகளைக் கண்ணாடியிழைக் கம்பிகளாக மாற்றத் தொடங்கிற்று. ஆசுடின் நகர விழாவிற்கு, மறு ஆண்டில் முன்கூட்டியே ஆயத்தம் செய்தது. ஆயினும், 2010-ஆம் ஆண்டு சூன் திங்களில், அளவின்றித் தரவு வழங்கும் திட்டத்தைப் புதிய வாடிக்கையாளர்க்கு நிறுத்திற்று. 200 மெகாபைட்டு 15 டாலர், 2 கிகாபைட்டு 25 டாலர் என வரையறை செய்தது. 2011-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், போதிய அலைவரிசை வேண்டி, டி-மொபைல் என்னும் நிறுவனத்தையே 39 பில்லியன் டாலருக்கு வாங்க முனைந்தது. போட்டி குன்றும் எனக் கருதி அமெரிக்க நீதித்துறை அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு திசம்பரில் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஒப்பந்தம் முறிந்தமைக்கு ஈடாக, பணமும் அலைவரிசையுமாக ஏறத்தாழ 4 பில்லியன் டாலர் மதிப்புள்ளவற்றை அந்நிறுவனம் டி-மொபைலுக்கு அளிக்க நேர்ந்தது. முன்னரே செய்ய வேண்டியதைப் பின்னர்ச் செய்யப் புகுந்தால் செலவு பன்மடங்காகும் என்பது இதனால் அறியப்படும்.

மற்றொரு பெருநிறுவனமாகிய வெரைசான், வேறு வழியை மேற்கொண்டது. ஐபோன் குறித்து ஆப்பிள் நிறுவனம் முதலில் தம்மோடு பேசியது என்றும், அதன் நிபந்தனைகளுக்குத் தாம் உடன்படவில்லை என்றும் அந்நிறுவன அலுவலர் ஒருவர் 2007-ஆம் ஆண்டில் தெரிவித்தார். வலையின் தரமே அந்நிறுவனம் தன் பெருமையாகப் பறைசாற்றியது. ஊர் ஊராகச் சென்று, தம் பேச்சு மறுமுனையில் கேட்கின்றதா என வினவும் சோதனையாளர் ஒருவரை 2002 முதல் அது தன் விளம்பரங்களில் காட்டிவந்தது. 2009-ஆம் ஆண்டு இறுதியில், இரு நிறுவனங்களின் மூன்றாம் தலைமுறைச் சேவை பரவியுள்ள இடங்களை நாட்டு வரைபடத்தில் வரைந்து ஒப்பிட்டுக் காட்டிற்று. அவ்விளம்பரம் மக்களை மயக்குவது என்று ஏ.டி. அண்ட் டி. அட்லாண்டா நகர நீதிமன்றத்தை அணுகியது. தன் பழைய தலைமுறைச் சேவை உள்ள இடங்களும் வெற்றிடமாகத் தோன்றுகின்றன என்பது அதன் வாதம். நீதிமன்றம் உடனடித் தடை விதிக்க மறுத்தது; சில நாட்களில் வழக்குத் திரும்பப் பெறப்பட்டது. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் வெரைசானும் ஐபோனை விற்கத் தொடங்கிற்று.

இவ்வரலாற்றைக் கொண்டு, கருவி பயனற்றது என்று முடிவு கட்டிவிடலாகாது. வெரைசான் மூன்றரை ஆண்டுக் காலம் அக்கருவியின்றி இருந்தமையால், அதனை விரும்பிய வாடிக்கையாளர்களைப் போட்டியாளரிடம் இழந்தது. அதன் அந்நாளைய வலையில் ஐபோன் வைத்திருப்போர் பேசிக்கொண்டே தரவையும் பெற இயலாது, ஏ.டி. அண்ட் டி. வலையில் அஃது இயன்றது. மேலும், சப்பான் நாட்டின் டோகோமோ நிறுவனம் 2001-ஆம் ஆண்டு அக்டோபரில் மூன்றாம் தலைமுறைச் சேவையை உலகில் முதன்முதலாக வணிக முறையில் தொடங்கிற்று. ஆயினும், தொடக்கத்தில் அதற்குரிய கைப்பேசிகளின் மின்கலம் விரைவில் தீர்ந்தது. சேவையும் தோக்கியோவைச் சூழ்ந்த பகுதியிலேயே கிடைத்தது. ஆதலின், மக்கள் அதனை விரைந்து ஏற்கவில்லை. வண்டியில்லாத சாலையும் பயன்படாது. சாலையில்லாத வண்டியும் ஓடாது. புதிய கருவியே மக்களின் தேவையைப் புலப்படுத்தி, வலையை வளரத் தூண்டுகின்றது என்பதும் மறுக்கவொண்ணாதது.

அங்ஙனமாயின், இரண்டும் ஒப்பானவை தாமா? அல்ல. கருவி ஒருவர்க்கு உரியது. வலை அனைவர்க்கும் பொதுவானது. புதிய கைப்பேசியை விற்றால் வாங்கியவர் ஒருவரே பயன் பெறுவார். வலையின் தரத்தை உயர்த்தினால், புதிய கைப்பேசி உடையாரேயன்றிப் பழைய கைப்பேசியை வைத்திருக்கும் ஏழையும் பயன் பெறுவார். மாறாக, வலையை வளர்க்காமல் கருவிகளையே பெருக்கினால், புதிதாக வாங்காதவரும் தம் பங்கை இழப்பர். அவர் செய்த குற்றம் யாது? மாதந்தோறும் அவரும் கட்டணம் செலுத்துகின்றார் அன்றோ? நள்ளிரவில் மருத்துவரை அழைப்பவர்க்கும், தீயணைப்புப் படையை வேண்டுபவர்க்கும் வேண்டுவது பளபளக்கும் கண்ணாடித் திரையன்று. அறுபடாத ஓர் அழைப்பே. அவ்வழைப்பு தவறினால் நேரும் இழப்பை எந்தப் புதுமையும் ஈடு செய்யாது.

காலத்தை நோக்கினும் இம்முடிபே வலுப்பெறும். கைப்பேசி சில ஆண்டுகளில் பழையதாகிப் பெட்டிக்குள் உறங்குகின்றது. மண்ணுள் பதித்த கண்ணாடியிழைக் கம்பியோ, அடுத்தடுத்து வரும் கருவிகள் பலவற்றிற்கும் தொண்டு செய்கின்றது. முன்னது பருவத்து மலர். பின்னது நிலைத்த வேர்.

ஆதலின், சேவை நிறுவனத்தின் முதற்கடமை வலையின் தரத்தைப் பேணுதலே என்பது தெளிவு. புதிய கருவியை வரவேற்க வேண்டா என்பது இதன் பொருள் அன்று. விருந்துக்கு அழைக்கும் முன் உலையில் அரிசி போடுதல் வேண்டும் என்பதே பொருள். எத்தனை கருவிகள் விற்கப்படும், ஒவ்வொன்றும் எவ்வளவு தரவை ஈர்க்கும், எந்நகரின் எப்பகுதியில் நெருக்கடி மிகும் என்பவற்றை முன்னரே கணக்கிட்டு, அதற்கேற்ப வலையை வலுப்படுத்திய பின் விற்பனையைப் பெருக்குதல் வேண்டும்.

மாணவர்களே! வாங்குவோராகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. கடைக்குச் சென்றதும் கைப்பேசியின் வண்ணத்தையும் வடிவையும் மட்டும் வினவுகின்றோம். நம் ஊரில், நம் வீட்டில், நாம் நாள்தோறும் செல்லும் வழியில் இச்சேவை தடையின்றிக் கிடைக்குமா என்று வினவுவோர் எத்தனை பேர்? மக்கள் எதனைக் கேட்கின்றனரோ அதனையே வணிகர் முதலில் தருவர். நாம் மலரையே கேட்டுக்கொண்டிருந்தால், வேருக்கு நீர் வார்ப்போர் குறைவர். கண்ணுக்குப் புலனாகாதவற்றின் மதிப்பை உணர்ந்து அவற்றையும் கேட்டுப் பெறக் கற்றலே அறிவுடைமை.